மாமாவைக் காப்பாற்றிய உதை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தூத்துக்குடித் துறைமுகத்தின் கடத்தல் கும்பலைப் பிடிக்கும் பொறுப்பு என் தாய்மாமாவிடம் வந்து சேர்ந்தது. அது அவருக்கே தெரியாது. ஒப்படைத்தவள் நான்தான்.

மாமா போலீஸ் ஏட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னோடு உட்கார்ந்து டிவியில் டப்பிங் சண்டைப்படம் பார்ப்பார். அப்படி ஒரு படத்தில் ஒரு சீனத்துப் போலீஸ்காரன் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உளவாளியாகக் கடத்தல்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். துப்பாக்கியே கிடையாது; எல்லாம் கையும் காலும்தான். பாதிப் படத்தில் அவன் மகள் சந்தையில் அவனைக் கண்டு "அப்பா" என்று கூப்பிட்டுத் தொலைத்தாள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. கட்டிப்போட்டு அடித்தார்கள். அந்தப் பெண்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவனுடைய சுழற்றி உதைக்கிற உதையை மட்டும் பல நாள் தலையணையில் பழகினேன்.

புரட்டாசி பிறந்ததும் மாமாவைக் காணோம். கேட்டால், வெளியூர் டூட்டி என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

தசரா நெருங்கியது. குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, காளி, குரங்கு, கரடி என்று வேஷம் கட்டிக் காணிக்கை வாங்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் அம்மா கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்க, நான் வேஷக்காரர்களை வேடிக்கை பார்த்தேன். கடைசியில் ஒரு பிச்சைக்காரன் வேஷம் வந்தது. கிழிந்த சட்டை, முகமெல்லாம் கரி, கையில் தகரத் தட்டு. மாமாவேதான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓர் உளவாளிக்கு இதைவிட வசதியான மறைவு எங்கே கிடைக்கும்? வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். நான் கூப்பிட்டால் மாமாவின் உயிர் போய்விடும்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். இறங்கி வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். இனி யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் அண்ணாச்சியின் முழங்காலில் சுழற்றி ஓர் உதை விட்டேன். அவர் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க ஓடிருங்க. இவரை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மாமா ஓடவில்லை. அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாவம் அண்ணாச்சி, ஏட்டையா வெயிலில் நிற்பது பொறுக்காமல் நாற்காலியில் உட்காரவைக்கத்தான் இழுத்திருக்கிறார். முழங்காலைத் தடவிக்கொண்டே மாமாவிடம் கேட்டார்: "ஒங்களக் கண்டா எந்திரிச்சு நிக்கிற தெரு இது. இங்கன வந்து கையேந்தணும்னா அப்படி என்ன நேர்ச்சை, ஏட்டையா?"

மாமா என் தலையில் கை வைத்தார்.

"இவளுக்குத்தான் அண்ணாச்சி. ஆடியில காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடந்தாள்லா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்னுட்டாரு டாக்டரு. நான் லத்தியோட நடந்த தெருவுலயே பிச்சை எடுக்கேன், பிள்ளையக் குடுத்துருன்னு அம்மன்ட்ட கேட்டேன்."

சொல்லும்போதே அவர் கண்ணீர் கரியில் கோடு போட்டது.

நான் அசந்துபோனேன். காய்ச்சல் வந்தது என்னவோ உண்மைதான். அதற்காக ஓர் ஏட்டு பிச்சை எடுப்பாரா? நின்ற நிலையில் எவ்வளவு பெரிய பொய், அதற்குக் கண்ணீர் வேறு. படத்தில் வந்தவனுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் கிடையாது. பக்கத்தில் அம்மாவும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்ததும், அவளும் உளவாளிதான் என்று முடிவு செய்தேன்.