புள்ளிகளால் ஆன சித்தப்பா

எங்கள் வீட்டு வரவேற்பறையில் சித்தப்பாவின் படம் ஒன்று இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளிகள். தள்ளிப் போய்க் கதிரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புள்ளிகள் சேர்ந்து, மீசை சரியாக முளைக்காத ஒரு முகமாகும். ஊரில் ஒரு பேப்பரில் வந்ததை வெட்டிப் பெரிதாக்கியது என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். மற்றவர்களின் படங்களெல்லாம் அல்பத்துக்குள் அடைந்து கிடக்க, இவருக்கு மட்டும் சட்டம், மாலை, முன்னால் அணையாமல் எரியும் ஒரு சின்னச் சிவப்பு பல்ப். பேப்பரில் படம் வந்தவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். எனக்கும் பேப்பரில் வர வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் இருந்தோம். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதனால் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அப்பா என்னைத் தான் கோப்பை கழுவும் ஹோட்டலுக்குக் கூட்டிப் போய்விடுவார். பிள்ளைகளை அங்கே கொண்டுவரக் கூடாது. தலைமைச் சமையல்காரர் கண்டும் காணாமல் இருந்தார். ஹோட்டலின் முன்பக்கம் ஏரியும் மலையும் பார்க்கச் சனம் குவியுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கம்தான்: சாமான் இறக்கும் கதவு, உருளைக்கிழங்கு மூட்டைகள், நான் உட்காரும் கவிழ்த்த பெட்டி.

"ஆரும் கேட்டா இப்பதான் வந்தனான் எண்டு சொல்லு, பிள்ளை" என்று அப்பா சொல்வார். ஒருவரும் கேட்டதில்லை. வகுப்பிலும் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பிறந்தநாள் அழைப்புகள் என் மேசையைத் தாண்டிப் போகும். தனிமை என்ற சொல் அந்த வயதில் தெரியாது. அதைப் பசி என்று நினைத்து, கொண்டுபோன பிஸ்கட் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மேலே மண்டபத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி. கிளாஸ் கழுவ ஏஜென்சி அனுப்புவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அப்பா தனியாகக் கிடந்து வெந்துகொண்டிருந்தார். அப்போது பின்கதவு மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார். சாம்பல் நிறக் கோட்டும் தோளில் ஒரு பையுமாக, உயரமான, வயதான கறுப்பினத்தவர் ஒருவர் நின்றார். இங்கிலீசில் ஏதோ சொன்னார். அப்பா அவருடைய நிறத்தைப் பார்த்தார், அவர் வந்த வாசலைப் பார்த்தார், ஏஜென்சி ஆள்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"லேட், லேட்! கம்!" என்று ஒரு ஏப்ரனைக் கையில் திணித்தார். எங்கே போனாலும் தன்னைத் துப்புரவு வேலைக்கு வந்தவன் என்று நினைக்கிறார்கள் என வீட்டில் புறுபுறுக்கிற அதே அப்பாதான்.

வந்தவர் ஏப்ரனைப் பார்த்தார். சத்தமில்லாமல் சிரித்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பையை என் மடியில் வைத்து, பத்திரம் என்பதுபோல அதைத் தட்டினார். பிறகு உள்ளே போய் கிளாஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துத் துடைக்கத் தொடங்கினார். இடைக்கிடை கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அந்தப் பெட்டியில் இருந்த காலத்தில் என்னை நம்பி ஒருவர் ஒன்றைத் தந்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான ஒரு பெண்மணி விருந்தாளியைத் தேடி ஓடி வந்தார். பின்னால் உள்ளூர்ப் பேப்பரின் படப்பிடிப்பாளர், ஓர் இளைஞர். ஏப்ரனோடு நின்றவரைக் கண்டதும் அந்தப் பெண்மணி வாயில் கை வைத்துவிட்டார். மேலே தொங்கும் படங்களெல்லாம் இவர் எடுத்தவையாம். அமெரிக்காவில் தன் நகரத்துப் பெரிய பேப்பரில் புகைப்படக்காரராக வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவராம்.

அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்திருப்பார். "சொறி, சேர், சொறி" என்று ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனார். அவரோ அவிழ்க்க விடாமல் அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

இளைஞருக்குப் பரம சந்தோஷம். இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்? ஏப்ரன் கட்டிய விருந்தாளி, அதைக் கட்டவைத்த தொழிலாளி, கமெராப் பையோடு ஒரு சின்னப் பெண். என்னையும் கை காட்டிக் கூப்பிட்டார். பாய்ந்து போய் அப்பாவுக்கு முன்னால் நின்று தலைமயிரைச் சரிசெய்தேன். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க என்னைச் சுற்றி நிற்கும். வீட்டில் இன்னொரு சட்டம், இன்னொரு மாலை, இன்னொரு சிவப்பு பல்ப்.

கமெரா உயர்ந்தது. அப்பாவின் விரல்கள் என் தோளில் இறுகின. "நோ. நோ போட்டோ" என்று என் முகத்தைத் திருப்பித் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினார். ஈரமும் சவர்க்கார மணமும் மூச்சை அடைத்தன. ஒன்றே ஒன்று என்று இளைஞர் சிரித்தபடி கமெராவை இறக்காமல் நின்றார். நான் திமிறி ஒரு கண்ணால் பார்த்தேன். வயதானவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்கும் கமெராவுக்கும் நடுவில் வந்து நின்று, தன் அகன்ற உள்ளங்கையால் அதன் கண்ணை மூடினார்.

"விடுங்கோ அப்பா! எனக்குப் படம் வேணும்!" என்று அழுதேன்.

"சத்தம் போடாத. எங்கட முகம் பேப்பரில வேண்டாம்."

"சித்தப்பாவின்ர மட்டும் வந்ததுதானே?"

அப்பா என்னை விட்டுவிட்டுத் தொட்டியடிக்குப் போய்த் தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டார். வயதானவர் பையை எடுத்து என் தலையைத் தடவினார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். அவர் ஏப்ரனைக் கழற்றாமலே மேலே போனார்.

திங்கட்கிழமைப் பேப்பரில் அவர் மட்டும் பூங்கொத்தும் ஏப்ரனுமாக நின்றார். அவருடைய நாட்டு ஹோட்டல்கள் ஒரு காலத்தில் அவரை முன்வாசலால் விடவில்லையாம். சமையலறை வழியாகப் போய்த்தான் படம் எடுப்பாராம். அந்தப் பழக்கத்தில் இன்றும் பின்கதவைத்தான் தேடுவாராம். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவரும் புள்ளிகள்தான்.

நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் சித்தப்பா ஏதோ ஓர் ஊர்வலத்தில் கூட்டத்தோடு நின்றபோது எடுத்த படம் அது. பேப்பர் வந்த பிறகு வீட்டுக்கு அவரைத் தேடி வந்தவர்களின் கையில் படம் வந்த அந்தப் பேப்பர்ப் பக்கம் இருந்திருக்கிறது. கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. பெரிதாக்க வேறு படமும் வீட்டில் இருக்கவில்லை.

அந்த அமெரிக்கருக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் பயந்துபோன அப்பாவின் அன்றைய முகம் போன்ற முகங்களை அவர் தன் கமெராவுக்குள் நிறையப் பார்த்திருக்க வேண்டும். அன்று எனக்கு முன்னால் அவர் நின்றார், பின்னால் அப்பா நின்றார். அந்த இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்த உலகத்தில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.