எல்லவிலிருந்து வந்த மூன்று புத்தகங்கள்

அக்கா பிரபஞ்சத்தைப் படிக்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரையும் அசைக்கவில்லை. விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க ஓடுகிறவர்களுக்குப் பிரபஞ்சம் எப்போது தொடங்கினால் என்ன? அக்காவோ விடுவதாக இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு பதுளை டவுனுக்குப் போய், அண்டவியல் புத்தகம் இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டாள். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினாராம்.

கடைசியில் மாமாதான் வழி கண்டுபிடித்தார். அம்மாவின் தம்பியான அவர், எல்லவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். அங்கே ஓர் அலமாரி உண்டு. தங்குகிறவர்கள் தாங்கள் படித்து முடித்த புத்தகத்தை அதில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போகலாம். யாரோ ஒரு புண்ணியவான் அக்கா தேடிய வகையில் மூன்று புத்தகங்களை விட்டுப் போயிருந்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மூன்றையும் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை நாங்கள் வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் அன்று மாலை பஸ்ஸிலேயே அவரோடு திரும்ப வேண்டும்.

பதிலுக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டுமே! எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த யானைக் கதை. நான் அப்போது ஐந்தாம் ஆண்டு. என் யானையைத் தியாகம் செய்வதென்றால் மூன்றில் பெரியதுதான் எங்களுக்கு வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அம்மாவும் என் கட்சிதான். காலமெல்லாம் கொழுந்தை நிறுத்தே சம்பளம் வாங்கியவள் அவள். புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்து, தடித்ததை எடுத்துத் தனியே வைத்தாள்.

“இதை எடும்மா. நல்ல கனமா இருக்கு.”

மலையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட அப்பா அந்த வருடம் முழுக்கக் கட்டிலில்தான் கிடந்தார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று நிறையில் கொஞ்சம் கழித்துவிடுவார்கள். அதை நினைத்துக்கொண்டு, “ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கணும்னு கேளு மச்சான்” என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். அவர் அப்படிக் கேலி பேசி வெகு நாளாகியிருந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா தடித்த புத்தகத்தை மடியில் வைத்து விரித்தாள். பக்கமெல்லாம் கணக்கு. விரலை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தி, “இது நாங்க படிச்சது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகும் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

“மூணுல எதும்மா நல்லது?” என்றார் மாமா.

“மூணும் வேணும் மாமா. முதல்ல படம் போட்ட இந்த ஒல்லிப் புத்தகம். அது விளங்கினா நடுவுல உள்ளது. கணக்கு நல்லா வந்த பிறகுதான் இந்தத் தடிச்சது.”

“நீதான் கணக்குப் படிச்ச புள்ளையாச்சே. அப்ப தடிச்சதை எடு.”

அக்கா ஒல்லிப் புத்தகத்தை என் முன்னால் விரித்தாள்.

“பாப்பா, இதை வாசி பார்ப்போம்.”

நான் தட்டுத்தடுமாறி ஒரு பத்தி வாசித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

“இது போதும் மாமா.”

எனக்கு வந்ததே கோபம்! என் யானைக் கதையை விட மெலிந்த புத்தகம் அது. யானையைத் திருப்பிக் கொடு என்று தரையில் உருண்டு அழுதேன். அம்மாவுக்கும் ஏமாற்றம்தான். மாலையில் மாமா கிளம்பியபோது அக்கா, “பையைக் குடுங்க மாமா, நான் தூக்கிட்டு வாறேன்” என்று வாங்கிக்கொண்டாள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அதைத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்தபடியே நடந்தாள். மாமாவுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

அந்த மாதமே அவள் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். பரீட்சைப் பெறுபேறு வந்தபோது அங்கே சேலை மடித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெறுபேறு. பிறகு ஜோர்தானில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். போன வாரம் நூலகத்தில் அதே தடித்த புத்தகம் கைக்கு வந்தது. படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். வேலை விட்டு வந்து, குரல்பதிவாகப் பதில் அனுப்பியிருந்தாள்: “கணக்கு வருதா பாப்பா?”

வருகிறது. ஆனால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிகளின் மேல் விரல் ஓட்ட வேண்டும் என்று மனம் கிடந்து ஏங்குகிறது. கொழும்புக்குப் போவதென்று, மாமா புத்தகங்களோடு வருவதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அன்று அவள் எடுத்தது எனக்கான புத்தகம். தனக்கானதைத்தான் பஸ் வரைக்கும் சுமந்து போனாள்.

பஸ் வளைவில் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பசித்தது. வா, வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.