மல்லாட்டைக் கொல்லையில் ஒரு போட்டு

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். கொல்லைக்காரர் இருந்தார். களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி இருந்தார். நான் இருந்தேன். நடுவில் கவிழ்த்து வைத்த ஃபைபர் போட்டு. அதன் அடியில் ஆடுகள்.

கடல்தான் இல்லை. அந்தக் கொல்லை ஒலக்கூர் பக்கம். எங்கள் ஊர் மரக்காணத்துக்கு அருகே, கரையில். அங்கிருந்து திண்டிவனம் வந்து பஸ் மாறி, போட்டு வாங்கக் கொல்லைக்காட்டுக்குப் போனோம். பஸ்ஸில் ஒருவர் எங்கே போகிறோம் என்று கேட்டார். மாமா சொன்னார். அவர் அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை.

மாமாவின் போனுக்கு அந்தப் போட்டின் படம் வந்திருந்தது. படத்தில் ஆடுகள் இல்லை.

அப்பா அதுவரை அடுத்தவர் போட்டில் போய்க்கொண்டிருந்தார். பிடித்த மீனில் போட்டுக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. மிச்சத்தைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். சொந்தப் போட்டு வேண்டும் என்று அம்மா தன் செயினை விற்றிருந்தாள். இந்த ஒன்று தப்பாகப் போனால் இன்னொன்றுக்கு வழி கிடையாது. எனக்கே அது தெரியும். ஐந்தாவது படித்தேன்.

அப்பா போட்டைச் சுற்றி வந்தார். கையால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"புக்கு இருக்குதுங்களா?" என்றார்.

கொல்லைக்காரர் சிரித்தார். "டிராக்டருக்குத்தான் புக்கு. தண்ணில போறதுக்கு இன்னா புக்கு? ஏரிய குத்தகைக்கு எடுத்தேன், மீன் புடிக்க இத வாங்கினேன். ஏரி வத்திப்போச்சி. இப்ப ஆடு கட்டறேன்."

"நம்பர் எழுதி இருந்திருக்குமே?"

"என்னமோ இருந்துச்சி. டிராக்டருக்கு வாங்கின பெயிண்ட்டு மிச்சம் இருந்துச்சி, அடிச்சிட்டேன். தப்புங்களா?"

"ஏரிக்குத் தப்பில்ல" என்றார் அப்பா.

யாரிடம் வாங்கினார் என்றால், விழுப்புரத்து புரோக்கர் ஒருவர் கூட்டிப்போனாராம். கோட்டக்குப்பம் தாண்டி ஒரு கரை. ஒரு பொம்பளை. அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

அப்பா என்னைப் போட்டுக்கு அடியில் நுழையச் சொன்னார். பெரியவர்கள் நுழைய இடம் போதாது. வெயிலில் ஃபைபரை உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். உடைந்த போட்டை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நுழைந்தேன். ஆடு ஒன்று என் பாவாடையை மென்றது.

"ஒட்டு தெரியுதா?"

"ஒட்டு இல்லப்பா. எழுத்து தெரியுது."

மேலே அடித்த நீலம் மெலிசு. அதற்கும் அடியில் இருந்த பழைய கறுப்பு எழுத்து உள்ளே இருந்து நன்றாகத் தெரிந்தது. வெளியே வந்து, பார்த்தபடியே மண்ணில் குச்சியால் எழுதினேன்.

மாமா பார்த்தார். அவர் பத்தாவது ஃபெயில். "இது இங்கிலீசே இல்ல. சீனாக்காரன் போட்டு மாமா" என்றார்.

மல்லாட்டை கிளறிக்கொண்டிருந்த கொல்லைக்காரர் மனைவி எட்டிப் பார்த்தார். "கண்ணாடில பாக்கற மாதிரி இருக்குதே. திருப்பிப் போட்டுப் பாரு பாப்பா."

திருப்பி எழுதினேன். நம்பருக்கு முன்னால் பி, ஒய் வந்தது.

அப்பா உட்கார்ந்துவிட்டார். எங்கள் கரைப் போட்டில் டி.என். என்று இருக்கும். பி.ஒய். என்றால் பாண்டிச்சேரி. அந்தப் பக்கத்து மீன்துறை ஆபீசில் விடுவித்துப் பேப்பர் தந்தால்தான் இந்தப் பக்கத்து ஆபீசில் நம்பர் தருவார்கள். நம்பர் இல்லாவிட்டால் மானிய டீசல் இல்லை, மீன்பிடித் தடைக்காலப் பணம் இல்லை.

"நாமளே டி.என்.னு எழுதிக்கினு ஓட்டிடலாம் மாமா. கடல்ல யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் மாமா.

"நடுக்கடல்ல நிறுத்திக் கேட்டா நீ குதிச்சி நீந்தி வந்துடுவ. அவரு?" என்றாள் அம்மா.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பேப்பர் கிடைத்தால் வருகிறோம் என்றோம். கொல்லைக்காரர், "யாருக்கும் குடுக்க மாட்டேன், போய்ட்டு வாங்க. ஆடுங்க பாத்துக்கும்" என்றார்.

பாண்டிச்சேரி ஆபீசில் நம்பரைக் காட்டியதும் பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், போட்டுக்காரர் இறந்துவிட்டதையும் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். நம்பர் படிக்க ஆள் வேண்டும் என்று அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்தார். நம்பர் அவருக்கு மனப்பாடம். ஏன் கூட்டிப்போனார் என்று தெரியாது. பெருமையாக இருந்தது.

அந்த ஊருக்குப் போனோம். போட்டை விற்ற அந்த அம்மா வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அப்பா நம்பரில் பாதி சொல்வதற்குள் மீதியை அவர்களே சொன்னார்கள்.

"வூட்டுக்காரரு கடல்லயா…?" என்று என் அம்மா இழுத்தாள்.

"இல்லக்கா. மஞ்சக்காமாலை. போட்டு அவரு பேர்ல இருந்துச்சி. அவரு போனதும் கொழுந்தனுங்க எங்க வூட்டு போட்டுன்னு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தானுங்க. ரெண்டு மழை மணல்லயே கெடந்துச்சி. வாரிசு சர்டிபிகேட்டு வாங்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சிபோச்சி. அப்புறந்தான் வித்தேன். வாங்கினவரு ஏரிக்குன்னாரு, பேப்பரே கேக்கல. பத்திரமா வெச்சிருக்கேன், உள்ள வாங்க."

மாமாவுக்கு வந்த போட்டுப் படத்தை அப்பாவின் போனில் காட்டினோம். ஆடுகளைப் பற்றி நான் சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எம் போட்டுல ஆடா! அவரு இருந்திருந்தா வெட்டிக் குழம்பு வெச்சிருப்பாரு."

ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். கொல்லைக்காரரும் வெள்ளை வேட்டியில் வந்து போட்டார். பஸ் காசு கொடுத்தபோது அந்த அம்மா வாங்கவில்லை. மத்தி கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

அன்று திரும்பி வரும்போது அப்பா அந்தப் பேப்பரை மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

போட்டு லாரியில் வந்தது. எங்கள் பக்கத்து ஆபீசில் எழுதுகிறவர் கேட்டார், "யாரு பேருக்கு?"

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடலுக்குப் போறது யாரு?"

"நான்தான் சார். போறவன் பேர்ல வேணாம். கரையில இருக்கறவ பேர்ல எழுதுங்க."

மாமாவுக்குத் தாங்கவில்லை. "இனிமே அக்காகிட்ட கூலி வாங்கிக்கினு போவீங்களா மாமா?"

"ஆமாம் மச்சான். லேட்டா வந்தா திட்டும்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். புடவை எடுத்துக் கொடுப்பதுபோல அப்பா போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார், நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன்.

அப்பா இப்போதும் கடலுக்குப் போகிறார். எங்கள் கரையில் அன்றைக்கு நாற்பத்தொரு போட்டு. அதில் பெண் பேரில் இருந்தது ஒன்று.