பூட்டுக்காரரின் ஆமை

பூட்டு ரிப்பேர் செய்யும் அந்த மனிதருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். கல்யாணமானதிலிருந்து இரும்பு அலமாரியின் சாவியை மனைவி கையால் தொட்டதே இல்லை.

அவர் வளர்த்த ஆமை கீரையைச் சீண்டாமல் சோர்ந்து கிடந்ததும், யாரோ அதற்கு எதையோ கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"உன் தம்பி அன்னைக்கு வந்து குனிஞ்சு குனிஞ்சு பார்த்தானே, எதுக்கு?"

"செருப்பைத் தேடினான்" என்றாள் மனைவி.

அவர் நம்பவில்லை. கீரைக்காரம்மாவையும் மாடிவீட்டுக்காரரையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் மனைவிதான் ஆமையையும் அவரையும் கால்நடை மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

மருத்துவர் ஆமையின் ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு மெத்துன்னு இருக்கக் கூடாதே. இதை எங்க வச்சிருக்கீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு?" என்றார் பூட்டுக்காரர் உஷாராக.

"யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு மாசக்கணக்கா இரும்பு அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கார் டாக்டர்" என்று மனைவி போட்டு உடைத்தாள்.

"வெயிலே படலைன்னா ஓடு எப்படிங்க கெட்டிப்படும்? மருந்து தரேன். தினமும் வெயில்ல விடுங்க, தேறிடும்."

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரர் ஆமையை முற்றத்து வெயிலில் விட்டார். கொத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"இதை நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுத்துடாதே. என்னை நம்ப முடியாது."