பாலத்தில் நின்ற கிழட்டு பஸ்

நௌசோரி பஸ் நிலையத்தில் லைசானி மரவள்ளிக்கிழங்கும் வறுத்த மீனும் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. மழை பிடித்துக்கொண்டால், ஜன்னல் கண்ணாடி இல்லாத பஸ்களின் பக்கவாட்டுத் தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். பஸ்கள் இமை மூடிக்கொள்வதாக அவளுக்குத் தோன்றும். அப்புறம் அரைத்தூக்கத்தில் முனக ஆரம்பிக்கும்.

"இன்னிக்கு அந்த மேட்டுல ஏறமாட்டேன், போ" என்று ஒரு பஸ் சொல்லும்.

"உன் வயசுல நான் கூரை மேல பன்னியையும் ஏத்திக்கிட்டு ஏறினவன்டா" என்று பக்கத்து பஸ் அலுத்துக்கொள்ளும்.

கிழங்கு வாங்க வருகிறவர்களிடம் அதே குரல்களில் சொல்லிக் காட்டுவாள். சிரிப்பார்கள், பஸ் ஏறிப் போய்விடுவார்கள். தனக்குக் கேட்பது இன்னொருவர் காதிலும் ஒருநாள் விழவேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குத் தீரவே இல்லை.

தலைநகர் சூவாவில் வண்டிகள் பேசும் கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டிருந்த ப்ரணிதா ஒருநாள் அங்கே வந்தாள். வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அக்கா, என் படத்துல ஒரு கிழட்டு பஸ் இருக்கு. அதுக்கு நீங்கதான் பேசணும்."

படத்தின் உயிரே ஒரு சண்டைதான். குறுகலான பாலத்தில் கிழட்டு பஸ்ஸும் சிமென்ட் லாரியும் எதிரெதிரே வந்து, வழிவிடாமல் திட்டிக்கொள்ளும். லாரிக்குப் பேச வந்தவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஏரோனி. ஒலிப்பதிவு அறையில் பேச்சைத் தொடங்குமுன் வழக்கம்போல் ஊர் விசாரித்தார்கள். இருவருக்கும் கண்டாவு தீவு. அவருடைய தாத்தாவும் இவளுடைய தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு பேரின் தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. ஏரோனி நாற்காலியை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்படியானால் இவர்கள் அண்ணன் தங்கை முறை. அவர்கள் தீவு வழக்கப்படி, வளர்ந்த அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளக் கூடாது. திட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"தனித்தனியா பேசுங்கக்கா, நான் ஒட்டிக்கிறேன்" என்றாள் ப்ரணிதா.

ஏரோனி வெளியே போனபிறகும் லைசானி மைக்கைத் தள்ளிவைத்தாள். "எந்த வழியாப் போனாலும் கடைசில அண்ணன் காதுலதானே விழும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா வேற ஆளைத்தான் போடணும்கா. எனக்கும் மனசு வரல."

அன்று திரும்பும் வழியில், அவள் ஏறிவந்த பஸ்கூட வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கித்தியோனியையும் அழைத்து வந்தாள். டாக்ஸி ஓட்டுகிறவன், அவளுடைய அத்தை மகன். அந்த முறையில் ஏரோனிக்கு மச்சான். இரண்டு பேரையும் எவ்வளவு கேலி செய்தாலும் அவனை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஊரில் அண்ணனுக்குத் தங்கை சேதி சொல்வதும் இப்படி ஒருவன் வாய் வழியாகத்தான். நடுநாற்காலியில் அவனை உட்காரவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

"பாலத்துக்கு முதல்ல வந்தது யாருன்னு கேளு."

"லாரிக்காரரே, நீங்க நத்தைக்கு அண்ணனான்னு பஸ் கேக்குது!"

"நான் அப்படிக் கேக்கல!"

சுவரைப் பார்த்திருந்த ஏரோனியின் தோள் குலுங்கியது. "மச்சான், அவங்களுக்கு மூச்சு வாங்குது. இளைப்பாறச் சொல்லு."

"பஸ்ஸே, உன்னைப் பழைய இரும்புக்குப் போடலாமாம்!"

ப்ரணிதா எப்போதோ பதிவைத் தொடங்கியிருந்தாள். பாலத்தின் நடுவே மாட்டிக்கொண்ட ஓர் ஓட்டை டாக்ஸியை அவள் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. டாக்ஸி சேதியை மாற்றி மாற்றிச் சொல்ல, கடைசியில் பஸ்ஸும் லாரியும் ஒருசேரப் பின்வாங்கும். படம் காட்டிய அன்று குழந்தைகள் அந்த இடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

அடுத்த வாரம் நௌசோரியில் நல்ல மழை. தார்ப்பாய்கள் இறங்கிவிட்டன. கித்தியோனி கடையில் ஒதுங்கி மீன் தின்றுகொண்டிருந்தான். ஏரோனி வந்து, கடைக்கு முதுகு காட்டி நின்றார்.

"மச்சான், அந்த மூணாவது பஸ் ரொம்ப நேரமா ஏதோ முனகுது. என்னன்னு கேட்டுச் சொல்லு."

கித்தியோனி கேலிக்கு வாயெடுத்தான். லைசானி கையமர்த்தினாள். மூன்றாவது பஸ்தான், அவர் சொன்னது சரி. கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள்.

"ஒரு கனவு கண்டுச்சாம்" என்றாள் கித்தியோனியிடம். "அதை முதல்லேர்ந்து சொல்லுது. அவங்களை உக்காரச் சொல்லு."