மே என்றாரா, மைட் என்றாரா?

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், சென்னையில் இருக்கும் நண்பனுக்குக் கைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினேன். நான் மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னார் என்பதுதான் சேதி. ‘ஏறலாம்’ என்பதற்கு ‘மே’ (may) என்று போட்டேன். உடனே அதன் கீழே ஒரு நீலக்கோடு விழுந்தது. தொட்டால், ‘மைட்’ (might) என்று மாற்றச் சொல்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைபேசியோடு சண்டை போடுகிற வயதா இது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மனிதர் கட்டிலில் கிடந்து தவித்ததைப் பார்த்தவன் நான். கிளினிக்கின் ஃபினாயில் வாடை வேறு சட்டையோடு வந்துவிட்டது. அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அது நடந்த காலத்தில் நான் எம்.ஏ. முடித்துவிட்டு, எங்கெங்கோ விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. அங்கே வாத்தியார் வேலை. கீழே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை படியேறி வந்து எங்கள் வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு ஆங்கில இலக்கணம்தான் ஞாபகம் வருகிறது. நான் ஓரிடத்தில் நின்று பாடம் நடத்தியதே இல்லை. ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். வெளியே பஸ் ஹாரன் கேட்டால், அதில் ஏறி எங்காவது போய்விடலாமா என்று தோன்றும். மாணவர்கள் எனக்கு ‘ஊஞ்சல் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. பட்டுக்கடை சேல்ஸ்மேன்கள், கோயில் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர்கள், நர்ஸிங் படித்த பெண்கள். அவர்களில் ஒருவர் ரேவதி. பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய கணவர் சேகர் வேன் டிரைவர். வாலாஜாபாத் பக்கம் குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்ததில், வேன் கவிழ்ந்து அவருக்கு முதுகெலும்பில் அடி. சென்னை போகும் வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கிடந்தார். ரேவதி பகலில் கடை, மாலையில் வகுப்பு, அதற்குமேல் ஆஸ்பத்திரி என்று அலைந்தார். “வகுப்பை விட்டுடுங்களேன், பிறகு வரலாம்” என்று ஒருநாள் சொன்னேன். “இங்க வந்தாதான் சார் ஒரு மணி நேரம் வேற எதனா நெனப்பு வருது” என்றார்.

அன்று நடத்தியது, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்கிற பாடம். ‘சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் ஆரம்பித்தால், பின்னால் வருகிற துணைவினையும் ஒரு படி பின்னே போகவேண்டும். வில் என்பது வுட் ஆகும். கேன், குட் ஆகும். மே, மைட் ஆகும். மஸ்டுக்கு மட்டும் கொஞ்சம் திமிர். இருந்த இடத்திலேயே இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டால் ஹேட் டூ என்று வேஷம் மாற்றிக்கொள்ளும். இப்படியெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, நேற்று உங்களிடம் யாராவது சொன்ன ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன்.

ரேவதி எழுந்தார். “டாக்டர் செட் ஹி மே வாக்.”

“மைட்” என்றேன். சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் உட்காரவில்லை.

“மைட்டுன்னா மேவ விட வாய்ப்பு கொறச்சல்னு போன வாரம் நீங்கதான சார் சொன்னீங்க?”

“ஆமா, தனியா வந்தா கொறச்சல்தான். இங்க அது இலக்கணத்துக்காக மாறுது.”

“டாக்டர் மேன்னுதான் சார் சொன்னாரு. நீங்க ஏன் கொறைக்கிறீங்க? நேத்து சொன்னது சார். அது இன்னும் நடக்கவே இல்லியே, அதுக்குள்ள எப்படிப் பழசாயிடும்?”

நடக்கப் போவது இன்னும் மீதி இருந்தால் மாற்றாமல் விடுவதும் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். அன்று அதைச் சொல்லாமல் அடுத்தவரை எழுப்பிவிட்டேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவரே கேட்டார். “எங்கூட ஒரு தபா ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா சார்? அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவரு இன்னா சொல்றாருன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ரேவதி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நானும் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

வார்டுக்குள் நுழையும்போதே சத்தம். சேகர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி எழப் பார்க்கிறார். ஒரு நர்ஸ் அவருடைய தோளைப் பிடித்து அமுக்குகிறார். “இன்னாங்க பண்றீங்க!” என்று ரேவதி ஓடினார்.

“நீதான நடக்கலாம்னு சொன்ன? டாக்டரே சொல்லிட்டாரு, இவங்க விடமாட்டேங்கிறாங்க!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சொன்ன ‘மே’யை ரேவதி ‘நடக்கலாம்’ என்று சொல்லியிருக்கிறார். அதில் தப்பே இல்லை. ஆனால் நடக்க வாய்ப்பு இருக்கிறது என்றாலும் நடக்கலாம்தான், நடக்க அனுமதி உண்டு என்றாலும் நடக்கலாம்தான். ஆங்கிலத்து மேக்கும் அதே இரட்டை முகம். சேகர் தனக்கு வேண்டிய முகத்தை எடுத்துக்கொண்டார். படுத்துக் கிடக்கிற யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

டாக்டர் வந்தார். வடக்கேயிருந்து வந்த இளைஞர், கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். யார் இவரை எழச் சொன்னது என்று கேட்டார். “நீங்கதான் சார்!” என்றார் சேகர். நான் நடுவில் நின்று, நடக்கலாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் போட்டது ‘குட்’, அதாவது இப்போதே நடக்க முடியும் என்று. டாக்டர் முகம் மாறியது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். தமிழில் ஒரே சொல்தான் இரண்டுக்கும் என்று விளக்கினேன். அவர் குனிந்து சேகரின் பாதத்தைக் கையில் எடுத்து, கட்டை விரலை அழுத்தினார்.

“இப்போ எழுந்திருக்கக் கூடாதாம்” என்று அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். “அப்புறம் நடக்க முடிஞ்சாலும் முடியுமாம். முடியாமலும் போகலாமாம்.”

“அந்த ரெண்டுல எனக்கு எது? அத்த கேளு சார்.”

கேட்டேன். டாக்டர் பாதத்தைக் கீழே வைக்கவில்லை. “ஐ டோன்ட் நோ” என்றார்.

“தெரியலைங்கிறாரு” என்றேன்.

சேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்தேன். ரேவதிதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “தெரியலன்னு சொல்ற டாக்டர நம்பலாம்பா. தெரிஞ்சா மறைக்க மாட்டாரு. கம்முனு கெட.” அதட்டலாகத்தான் சொன்னார். சேகர் படுத்தார்.

அடுத்த வகுப்பில் ரேவதியின் வாக்கியத்தை மே என்றே கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு நடத்துகிற ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து அதை அழிக்கப் போனார். “அது இன்னும் முடியல சார்” என்றார் ரேவதி. விஷயம் என்னவென்று நான் சொன்னதும் ஓனர் டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ரேவதியிடம் நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு சேகரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மழைக்காலம் வந்து போனது. ரேவதி சில நாள் வருவார், பல நாள் வரமாட்டார். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன், கேட்க பயம். ஒரு மாலை, பாடத்தின் நடுவில் வந்து வாசலிலேயே நின்றார். மூச்சு வாங்கியது.

“ஹி வாக்ஸ்” என்றார்.

“யார் சொன்னா? டாக்டரா?” இதைக் கேட்டேன் பாருங்கள், அவ்வளவு வாத்தியாராகிப் போயிருந்தேன்.

“யாரும் சொல்லல சார். நானே பாத்தேன். செவுத்தப் புட்ச்சிக்கினு வாசல் வரைக்கும் வந்தாரு.” சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். கீழே சைக்கிள் கடையிலிருந்து என்னவோ ஏதோவென்று மேலே ஓடிவந்தார்கள்.

எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அப்புறம் வேறு ஊர், வேறு வேலை. வருஷங்கள் கழித்துக் காஞ்சிபுரம் வந்தபோது சைக்கிள் கடையும் இல்லை, மாடியும் இல்லை. கண்ணாடி வைத்த நகைக்கடை ஒன்று நான்கு மாடிக்கு எழுந்து நிற்கிறது. அங்கே நிற்கப் பிடிக்காமல் முசரவாக்கம் பஸ் ஏறினேன். விசாரித்துப் போனால் அந்த வீட்டில் வேறு யாரோ. ரேவதிக்கு ஓசூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்களாம்.

“சேகர் எப்படி இருந்தாரு?” என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

“அவருக்கு இன்னாபா? கொஞ்சம் சாய்ஞ்சி சாய்ஞ்சிதான் நடப்பாரு. வூட்டக் காலி பண்ணிக்கினு பஸ்ஸுக்குப் போவும்போது, ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கினு அவருதான் முன்னாடி போனாரு. அந்தப் பொண்ணு மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு கத்திக்கினே பின்னாடி ஓடுச்சி.”

பஸ் நிற்குமிடம் வரை அந்தத் தெருவில் நானும் நடந்து வந்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.