பன்வில இறக்கத்தில் செயின் ஒயிலர்

நண்பன் ரியாஸ் கட்டாருக்குப் போனதால்தான் இந்தத் தானியங்கி ஒயிலரை வாங்கினேன். என் மோட்டார் சைக்கிளில் நடு ஸ்டாண்ட் இல்லை. செயினுக்கு ஒயில் விடுவதென்றால் ஒருவர் வண்டியை மெல்ல உருட்ட, மற்றவர் குனிந்து விட வேண்டும். மூன்று வருடம் அவன் உருட்டினான், நான் விட்டேன். போன பௌர்ணமி போயா விடுமுறையில் கருவியைச் சோதிக்கக் கிளம்பினேன். ஒழுங்காக வேலை செய்தால் அடுத்த நீண்ட விடுமுறையில் தனியாகத் திருகோணமலை. இல்லாவிட்டால் வழக்கம்போல அறையில் படுத்திருக்க வேண்டியதுதான்.

கருவி எளிது. சீட்டுக்குக் கீழே சின்ன ஒயில் போத்தல், அதிலிருந்து பின் பல்சக்கரம் வரை மெல்லிய குழாய், இடையில் ஒரு திருகு. நிமிடத்துக்கு இரண்டு சொட்டு என்று, நான் இருக்கும் குண்டசாலையில் வைத்தே திருகைச் சரிசெய்தேன். வத்தேகம வழியாகப் பன்விலவுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். காலை ஏழுக்குக் கிளம்பினால் பஸ் தொல்லை குறைவு.

பன்வில தாண்டித் தேயிலைக்குள் ஏறியதும் பனிமூட்டம், நல்ல குளிர். நிறுத்திப் பார்த்தால் சொட்டே விழவில்லை. குளிரில் ஒயில் தடித்துவிடும், தெரிந்த விஷயம்தான். திருகை அரைச் சுற்றுத் திறந்தேன். சொட்டு வந்தது. படம் எடுத்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் போனை உள்ளே வைத்தேன்.

பிழை அங்கேதான். இறங்க இறங்க வெயில் ஏறி ஒயில் இளகியது. திருகோ குளிருக்குத் திறந்தபடியே இருந்தது. ஒரு வளைவில் பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. காலை ஊன்றி, விழாமல் தப்பினேன். ஓரமாக நின்ற பச்சை ஆட்டோவின் சாரதி வந்து பார்த்தார்.

“என்னா தம்பி, டயருக்கு எண்ணெ தேச்சுவிட்டிருக்கீங்க? தீபாவளி முடிஞ்சு போச்சுங்களே!”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. செயினுக்குப் போற ஒயில்.”

“மண்ணள்ளிப் போட்டா வழுக்கறது நின்னுருமுங்க.”

“மண் போட்டா செயின் தேஞ்சிடும். சோப்புத் தூள் இருக்கோ?”

வீட்டுக்கு வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தார். “வீட்டுல கேட்டா என்னா சொல்றது? ரோட்டுல ஒரு டயர குளிப்பாட்டுனேன்னா?”

அவர் வண்டியை உருட்ட, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நான் டயரைத் தேய்த்தேன்.

“கூட ஆளு யாரும் வரலீங்களா?”

“இல்லை.”

“அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க. நம்ம லயத்து வீடு கிட்டத்தான்.”

“நேரமாகுது அண்ணை, வாறன்” என்றேன். எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை. மதியத்துக்கு முன்பே அறைக்கு வந்துவிட்டேன். கடையில் வாங்கிய பார்சலைக் கட்டிலில் இருந்தபடி சாப்பிட்டேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்குங்கள். செயின் சுத்தமாக இருக்கிறது, பெட்ரோல் இரண்டு லீட்டர்கூட ஆகவில்லை. மேலே திருகைத் திறந்தால் இறங்குமுன் மூடுங்கள். நிறுத்தும்போதும் மூடுங்கள். முதல் வளைவுக்கு முன் டயரைத் தொட்டுப் பாருங்கள்.

கருவி தேறிவிட்டது, திருகோணமலைக்குத் தனியாகவே போகலாம். ஆனால் அடுத்த விடுமுறைக்கும் பன்விலவுக்குத்தான் போகிறேன். அந்த அண்ணையின் பெயரைக் கேட்கவில்லை. பன்வில ஆட்டோ ஸ்டாண்டில் எத்தனை பச்சை வண்டி நின்றாலும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே.